அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: பழைய உடம்பில் இரண்டு புது ஆட்கள்

கேப்காமின் சண்டை வீடியோ கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் ஒவ்வொரு புதுப் பதிப்பும் ஏதாவது ஒன்றை நிஜமாகவே மாற்றியது. 1991-ல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் இயந்திரத்தில்) வந்த அதன் முதல் பதிப்பில் எட்டுப் பேரைத்தான் நாம் ஆட முடியும். அடுத்த வருடம் வந்த சாம்பியன் எடிஷன், கடைசியில் எதிர்ப்படும் நான்கு பாஸ்களையும் நம் கையில் கொடுத்தது. ஹைப்பர் ஃபைட்டிங் வேகத்தைக் கூட்டியது. என் ஆளான தால்சிம் மறைந்து வேறிடத்தில் தோன்றும் வித்தையைக் கற்றுக்கொண்டதும் அதில்தான். 1993-ல் சூப்பர் பதிப்பில் கேமி, ஃபே லாங் உட்பட நான்கு புதியவர்கள். 1994-ல் சூப்பர் டர்போவில் சூப்பர் காம்போ என்ற பெரிய தாக்குதல், கூடவே அகுமா என்ற ஆள். பெயர்ப் பலகை மட்டும் மாறிய பதிப்பு என்று இதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

அந்த வரிசைக்கு முடிவுரை மாதிரி, 2017 மே மாதம் நிண்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்சுக்கு வந்தது அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: த ஃபைனல் சேலஞ்சர்ஸ். இந்த ஆட்டத்தை இவ்வளவு நேசிப்பவன் என்பதால்தான் எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

முதலில் படங்கள். புது கிராஃபிக்ஸ் என்று நாம் பார்ப்பது, 2008-ல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த எச்டி ரீமிக்ஸ் என்ற மறுபதிப்புக்காக யூடான் என்ற காமிக்ஸ் குழு வரைந்த ஓவியங்கள். தனித்தனிப் படமாகப் பார்த்தால் நல்ல கோடு, நல்ல நிறம். சிக்கல் அசைவில் இருக்கிறது. பழைய ஆட்டத்தில் ஓர் அடிக்கு எத்தனை படங்களோ அத்தனையே இங்கும். ஒவ்வொன்றின் மேலும் பெரிய அளவில் வரைந்திருக்கிறார்கள், நடுவில் புதிதாக எதுவும் சேரவில்லை. தால்சிமின் கை நீளும் அந்தக் குத்தைக் கவனியுங்கள். சின்னப் புள்ளிகளால் ஆன பழைய உருவத்தில், விடுபட்ட அசைவைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். கை சாட்டை போலப் பாயும். விரலும் நரம்பும் தெளிவாகத் தெரியும் புது உருவத்தில் கண் அந்த வேலையைச் செய்ய மறுக்கிறது. மடங்கிய கை, அப்புறம் நீண்ட கை, அவ்வளவுதான். சண்டை ஆட்டத்தில் எதிராளியின் அசைவைப் படிப்பதுதான் எல்லாமே. அதனால் கிளாசிக் படங்களுக்கு மாற்றிவிட்டேன், திரும்பவே இல்லை. நல்லவேளை, படத்தையும் ஒலியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறார்கள்.

இறுதிச் சவாலாளர்கள் (ஃபைனல் சேலஞ்சர்ஸ்) என்று தலைப்பிலேயே சொல்லப்படுபவர்கள் ஈவில் ரியூவும் வயலண்ட் கென்னும். முந்தையவர் தொண்ணூறுகளில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா வரிசையில் தலைகாட்டியவர். பின்னவர் 2003-ல் எஸ்என்கே வர்சஸ் கேப்காம்: கேயாஸில் வந்தவர். இருவரும் ஆட்டத்தின் பழைய ஆட்களான ரியூ, கென்னின் உடம்பை எடுத்து, நிறம் மாற்றி, சில வித்தைகளைச் சேர்த்து உருவானவர்கள்தான். ரியூ, கென், அகுமா ஏற்கெனவே இருக்கிறார்கள். இப்போது மொத்தம் பத்தொன்பது பேரில் ஐந்து பேர் அதே ஹடோக்கென் தீப்பந்து, அதே ஷோர்யுக்கென் எகிறல் குத்து. தால்சிமுக்கு இதன் பொருள் என்ன? ஆன்லைனில் பந்தயத்துக்குப் பந்தயம் அதே தீப்பந்து, அதே எகிறல். புதிதாக ஒரே ஒரு ஆளை, இந்த ஐந்து பேரில் யாரையும் ஒத்திருக்காத ஒருவரை, முழுசாக வரைந்து சேர்த்திருந்தால்கூட இந்த விமர்சனத்தின் தொனி வேறாக இருந்திருக்கும்.

அந்த உழைப்பெல்லாம் எங்கே போனது என்றால், வே ஆஃப் த ஹடோ என்ற பகுதிக்கு. ஸ்விட்சிலிருந்து கழற்றக்கூடிய ஜாய்-கான் கன்ட்ரோலர் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, ரியூவின் கண் வழியாகப் பார்த்தபடி, வரும் ஷடாலூ என்ற வில்லன் கும்பலின் அடியாட்கள் மேல் நாமே ஹடோக்கென் வீச வேண்டும். யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி வீச ஆசைப்படாதவர் யார்? ஆனால் கருவி நம் கையசைவை நம்பும்படியாகப் படிப்பதில்லை. முன்னால் தள்ளினால் ஒரு நேரம் ஹடோக்கென், இன்னொரு நேரம் வேறு அடி. சரியாகச் செய்தோமா என்பது கை வலிக்கும் வரை புரியாது. எதிரிகளும் வரிசையாக வந்து விழுவதைத் தவிர எதுவும் செய்வதில்லை. கீழ், மூலை, முன், குத்து என்று கட்டைவிரல் துல்லியமாகப் போடுவதில் கிடைக்கும் சந்தோஷம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். அதை எடுத்துவிட்டுக் கையை வீசச் சொன்னால் என்ன மிஞ்சும்?

அந்தத் துல்லியத்துக்கும் ஸ்விட்சோடு வரும் ஜாய்-கான் சரிப்படாது. இடப்பக்கம் ஒரே துண்டான திசைப் பலகைக்குப் பதில் நான்கு தனி பட்டன்கள் இருப்பதால், மூலைத் திசை அடிக்கடி தவறும். தால்சிமின் யோகா ஃப்ளேமுக்கு அரை வட்டம் சுற்ற வேண்டும். முழு வட்டமே சுற்ற வேண்டிய ஜாங்கீஃபை ஆடுபவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஆர்கேடில் மேல் மூன்று குத்து, கீழ் மூன்று உதை என்று இரண்டு வரிசையில் இருந்தவை இங்கே நான்கு முகப்பு பட்டன்களிலும் தோள் பட்டன்களிலும் சிதறுகின்றன. தனிக் கன்ட்ரோலரோ ஆர்கேட் ஸ்டிக்கோ இல்லாமல் இதை வாங்க வேண்டாம்.

நல்லதும் உண்டு. பிடித்து எறிவதிலிருந்து அடிபடாமல் விடுவித்துக்கொள்ளும் புது வசதி நியாயமானது. மூலையில் மாட்டிய தால்சிமுக்கு மூச்சுவிட வழி கிடைத்தது. நிறங்களை நம் விருப்பத்துக்கு மாற்றுவது குழந்தைத்தனமாகத் தோன்றினாலும் இனிமை. ஓவியக் காட்சியகத்தில் 1,400-க்கும் மேற்பட்ட படங்கள். நிதானமாகப் பார்க்கத் தகுந்தவை. இருவர் சேர்ந்து கணினியை எதிர்க்கும் பட்டி பேட்டில் சீக்கிரமே அலுத்துவிடும். அடியில் இருக்கும் ஆட்டம் சூப்பர் டர்போதான் என்பதால் சண்டை இன்றும் அசத்துகிறது. அந்தப் பெருமை 1994-க்குச் சேர வேண்டியது.

விலைதான் ஜீரணிக்க முடியாதது. எச்டி ரீமிக்ஸ் 2008-ல் 15 டாலர். அதே ஓவியங்களோடு வந்த இதற்கு வெளியானபோது 40 டாலர். சரியாக ஒரு வருடம் கழித்து, 2018 மே மாதம், அதே 40 டாலருக்கு அதே ஸ்விட்சில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-ஆம் ஆண்டு தொகுப்பு வந்தது. அதில் பன்னிரண்டு ஆட்டங்கள்: முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-ன் தேர்ட் ஸ்ட்ரைக் வரை. ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர் டர்போ, ஆல்ஃபா 3, தேர்ட் ஸ்ட்ரைக் நான்கையும் ஆன்லைனிலும் ஆடலாம். தால்சிமை நான் இப்போது அதில்தான் ஆடுகிறேன். அல்ட்ராவை ஓவியக் காட்சியகத்துக்காக மட்டும் எப்போதாவது திறக்கிறேன். பெரிய தள்ளுபடியில் கிடைத்தால், வயலண்ட் கென்னை ஆடியே தீர வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் நேராகத் தொகுப்புக்கே போய்விடுங்கள்.