உழுந்து அரைக்கிற கிரைண்டரில் கொக்கோ: மூன்றரை வருடப் பாவனை

இரண்டு லீட்டர் மேசைக் கிரைண்டர். கோயம்புத்தூரில் செய்தது. 150 வாட்ஸ் மோட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், அடியில் கருங்கல், அதன்மேல் உருளுகிற இரண்டு குழவி. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் பத்து வீட்டிலாவது இது இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்து போனால் சத்தம் கேட்கும். என்னுடையதில் ஒருநாளும் உழுந்து விழுந்ததில்லை. 2022 தை மாதம் 31,500 ரூபா கொடுத்து வாங்கினேன். அன்றிலிருந்து கொக்கோ மட்டும்தான் அரைக்கிறேன். முதலில் என் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு, இப்போது மாதம் ஏழெட்டுக் கிலோ விற்பனைக்கு.

ஏன் இதை வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாத்தளைக் கொக்கோவின் புளிப்பும், எங்கள் வெக்கையில் சொக்லேட் வெளுத்துப்போவதும்தான் என் ஆய்வு. அதற்கென்று ஓர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. மாதாமாதம் கைக்குக் காசு, மாத்தளைக்குப் போய்வரச் செலவு, ஆய்வுகூடக் கட்டணம் எல்லாம் அதில் இருந்தன. அரைக்கிற மெஷினுக்கு ஒரு சதம் இல்லை. சொக்லேட்டை ஆராய வேண்டுமென்றால் முதலில் சொக்லேட் செய்ய வேண்டும், செய்வதற்குக் கொக்கோவை நாக்குக்குத் தெரியாத அளவுக்கு அரைக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூட மெஷினுக்கு விலை கேட்டேன். வந்த தொகை என் ஒரு வருட உதவித்தொகையை விடக் கூட. இரண்டு கிழமை நித்திரை இல்லை. கடைசியில் என் மேற்பார்வையாளர் மெடம்தான் கேட்டார்: "உங்கட வீட்டில மா அரைக்கிற கிரைண்டர் இல்லையா பிள்ளை? கல்லில கல்லு உருளுறதுதானே, ரெண்டும் ஒரே தத்துவம்."

மெடம் சொன்னது சரி. அமெரிக்காவில் கொக்கோ விதையிலிருந்து தாங்களே சொக்லேட் செய்யத் தொடங்கிய சின்ன உற்பத்தியாளர்கள் பலர் 2000களில் கையிலெடுத்தது எங்கள் இட்லி மாக் கிரைண்டரைத்தான். இன்றைக்குச் சொக்லேட்டுக்கென்றே விற்கிற மெலாஞ்சர் என்கிற சின்னக் கல் அரைவை மெஷின்கள் பலதும் அதன் வழிவந்தவை. இது தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

வேலை எப்படி என்று கேட்டால், அரைப்பதில் இதற்கு முழுப் புள்ளி கொடுப்பேன். நாக்கு 30 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்திலொன்று) மேற்பட்ட துணிக்கையை மணலாக உணரும். நல்ல சொக்லேட் 20 மைக்ரோன் அளவில் இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் மைக்ரோமீட்டரால் அளந்து கொப்பியில் எழுதி வைத்தேன். நாலு மணித்தியாலத்தில் 70, பத்தில் 40, பதினெட்டில் 26, இருபத்துநாலில் 20 அல்லது 21. ஒரு கிலோ போட்டால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஒருமுறை முப்பது மணித்தியாலம் விட்டுப் பார்த்தேன். 15க்கு இறங்கிவிட்டது, ஆனால் சொக்லேட் களிபோலத் தடித்து அச்சில் ஊற்ற முடியாமல் போனது. துணிக்கை சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும், அதை மூடக் கொக்கோ பட்டர் போதாமல் போகும். அதனால் இருபத்துநாலில் நிறுத்துங்கள். 24 மணித்தியாலத்துக்கு 3.6 யூனிட் கரண்ட். ஃபிரிட்ஜ் வைத்திருக்கிற வீட்டுக்கு இது பெரிய பாரமில்லை.

முதல் நாளை மறக்க முடியாது. விதையை வீட்டு அவனில் 130 பாகையில் வறுத்தேன். வறுபட்டதும் கோது வெடித்து, குசினி முழுக்க வினாகிரியும் பாணும் கலந்த வாசம். உரலில் இட்டு மெல்லத் தட்டி உடைத்தேன். கோதைப் பிரிக்க ஹெயார் ட்ரையரால் ஊதினால் குறுணலும் சேர்ந்து பறந்தது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பழைய சுளகை எடுத்து வந்தார். இரண்டு தரம் புடைத்தார், ஒரு தரம் கொழித்தார். கோது முழுக்க முன்விளிம்புக்கு வந்து உதிர்ந்தது, குறுணல் கறுப்பாக மினுங்கிக்கொண்டு பின்னால் நின்றது. பத்து நிமிடத்தில் ஒரு கிலோ விதை சுத்தம். அந்தப் படத்தை என் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் போட்டிருக்கிறேன், கீழே "சுளகு" என்று தமிழிலேயே எழுதி.

குறுணலை அப்படியே கொட்டினால் குழவி இறுகி நின்றுவிடும். முதலில் மிக்ஸியில் பொடியாக்க வேண்டும். கல்லையும் பாத்திரத்தையும் ஹெயார் ட்ரையரால் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். முதல் பத்து நிமிடம் கல் நறநறக்கும். பிறகு சத்தம் மாறும். விதையில் பாதிக்கு மேல் கொழுப்புத்தானே, அது உருகி வெளியே வரத் தொடங்கும்போது குழவியின் ஓரத்தில் ஒரு மினுக்கம் தெரியும், அடுத்த அரை மணித்தியாலத்தில் முழுதும் குழம்பாகிவிடும். சீனியை அதற்குப் பிறகுதான் சேர்ப்பேன். கொழும்புச் சீனி எப்போதும் ஈரம் குடித்தே இருக்கும். அவனில் 60 பாகையில் ஒரு மணித்தியாலம் காயவைக்காமல் போட வேண்டாம்.

ஈரம்தான் இதில் பெரிய எதிரி. ஒரு தேக்கரண்டி தண்ணீர் போதும், உருகிய சொக்லேட் முழுதும் கட்டிபட்டுப் போகும். சீனித் துணிக்கைகள் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. அதனால் தயவுசெய்து ஒரே கிரைண்டரில் உழுந்தையும் கொக்கோவையும் அரைக்கப் பார்க்காதீர்கள். கருங்கல்லில் நுண்ணிய துவாரம் இருக்கிறது, உழுந்தின் ஈரமும் புளிப்பும் அதற்குள் நிற்கும். தீபாவளிக்கு முதல்நாள் வீட்டுக் கிரைண்டர் பழுதாகி அம்மா என்னுடையதைக் கேட்டபோதும் நான் கொடுக்கவில்லை. மாடியிலிருக்கிற அன்ரி வீட்டில் போய் அரைத்து வந்தோம். அன்ரிக்கு வேறு கேள்வி இருந்தது: "என்ன பிள்ளை, நீர் விடிய விடிய அரைக்கிறீர், கலியாணம் கிலியாணம் ஏதும் வைச்சிருக்கிறீரோ?" சத்தம் உண்மையிலேயே ஒரு குறை. மடித்த சாக்கின்மேல் றப்பர் விரிப்புப் போட்டு, அதன்மேல் வைத்த பிறகு அன்ரியின் நித்திரைக்குப் பங்கமில்லை.

இனி மோட்டர். இது தண்ணீரோடு முப்பது, நாற்பது நிமிடம் ஓடுவதற்குச் செய்த மெஷின். நாங்கள் அதை ஒரு நாள் முழுக்க ஓட்டுகிறோம். கீழே ஒரு சின்ன மேசை ஃபேனை வைத்து மோட்டர்ப் பக்கம் காற்றுப் பிடித்தேன். மேல்மூடியையும் முதல் பத்து மணித்தியாலம் திறந்தே விடுவேன், நொதித்த விதையில் மிஞ்சியிருக்கிற அசற்றிக் அமிலம் ஆவியாகிப் போக அது தேவை. மூடி வைத்து அரைத்ததையும் திறந்து அரைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தவர்கள் எல்லாரும் மூடி வைத்ததைப் புளிப்பு என்றார்கள்.

2022 பங்குனியில் கரண்ட் வெட்டு வந்தபோதுதான் இந்த மெஷினை நான் முழுதாக அறிந்தேன். மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் இருட்டு. பதினான்காவது மணித்தியாலத்தில் அரைவை நின்றுபோனது. குழம்பு மெல்ல மெல்ல இறுகிக் குழவியைப் பிடித்துக்கொண்டது. நான் சுவிட்சை அணைக்காமல் படுத்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. றப்பர் எரிகிற மணத்தில்தான் எழும்பினேன். இறுகின சொக்லேட்டை எதிர்த்து மோட்டர் சுழலப் பார்த்து பெல்ட் கருகிப்போயிருந்தது. மூன்று மாத ஆய்வின் ஒரு முழுத் தொகுதி விதை அதில் இருந்தது. அழுதேன்.

வாங்கிய கடைக்குக் கொண்டு போனேன். உத்தரவாத அட்டையில் இன்னும் பத்து மாதம் இருந்தது. பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்திருந்த கறுப்பைச் சுரண்டி மணந்து பார்த்துவிட்டு, இது மா இல்லை, உத்தரவாதம் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். விதி அப்படி என்றால் ஏற்கலாம். ஆனால் காசுக்குக் கூட ஒரு பெல்ட் தர மாட்டோம் என்றதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் மிக்ஸி திருத்துகிற ஒரு நானா, எரிந்த பெல்ட்டை விரலால் அளந்து, தையல் மெஷின் சாமான் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பூட்டித் தந்தார். "தங்கச்சி, கரண்ட் போனா முதல் வேலை பிளக்கைக் கழட்டுறது. வந்த பிறகு கல்லை கையால சுத்திப் பாருங்க. சுத்தினா மட்டும் போடுங்க." அந்த பெல்ட் இரண்டு வருடம் ஓடியது.

இந்தக் கிரைண்டரால் முடியாதது ஒன்று, சூட்டைக் கட்டுப்படுத்துவது. 1879இல் பேர்ன் நகரில் ரொடொல்ஃப் லின்ட் கண்டுபிடித்த கொன்ச்சிங் என்கிற நீண்ட பிசைதல், ஒரே சூட்டில் நடக்க வேண்டிய வேலை. இதில் சூடு கல்லின் உராய்வால் வருவதுதான், பகலில் 52 பாகை, மழை இரவில் 44. ஆய்வுக்கு இது தொல்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் வெப்பமானி வைத்து எழுதி, ஃபேனைத் தூர நகர்த்தியும் கிட்டக் கொண்டுவந்தும் சமாளித்தேன். அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்: ஐந்துக்கு நாலு.

டெம்பரிங்கை, அதாவது உருகிய சொக்லேட்டின் சூட்டை இறக்கி ஏற்றிச் சரியாக உறையவைப்பதை, இதில் செய்யப் பார்க்க வேண்டாம். கொக்கோ பட்டர் ஆறு விதமாக உறையக் கூடியது. எங்களுக்கு வேண்டியது ஐந்தாவது, 34 பாகைக்குச் சற்றுக் கீழே உருகுவது. மினுக்கமும் 'டக்' என்று உடைகிற சத்தமும் அதில்தான். கறுப்புச் சொக்லேட்டை 28க்கு இறக்கித் திரும்ப 31, 32க்கு ஏற்ற வேண்டும். கொழும்பு அறையே 30இல் நிற்கும்போது இறக்குவது எங்கே? ஏசி போட்டு 21 பாகை ஆக்கிய அறையும் ஒரு மாபிள் பலகையும் தேவை. செய்த பிறகும் ஃபிரிட்ஜுக்குள் வைத்து அப்படியே வெளியே எடுக்காதீர்கள். எங்கள் காற்றின் ஈரம் அதன்மேல் பனித்து, சீனியைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலமாகும். காற்றுப்புகாப் பெட்டியில் போட்டு, வெளியே எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் விடுங்கள்.

சொக்லேட் விஞ்ஞானம் படிக்க உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தம்பி தங்கச்சிமார் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் பென் ஸ்டேட், விஸ்கொன்சின் மெடிசன் பல்கலைக்கழகங்களில் மிட்டாய், சொக்லேட் ஆராய்ச்சிக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. பி.எம்.சி.ஏ. என்கிற மிட்டாய் உற்பத்தியாளர் சங்கம் பட்டப்பின் ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கிறது. பெல்ஜியத்தில் கென்ட், கனடாவில் குவெல்ஃப், கொக்கோ மரத்தைப் பற்றியென்றால் ட்ரினிடாட்டில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கொக்கோ ஆய்வு நிலையம். போங்கள், கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் நீங்களாகவே அரைத்த ஒரு கிலோவின் கணக்கு இருந்தால் எழுதுவதற்கு ஏதாவது இருக்கும். மாத்தளையும் கண்டியும் குருநாகலும் எங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன, அங்கே தென்னைக்குக் கீழே கொக்கோ காய்க்கிறது. இங்கே உதவித்தொகை கொடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மெஷினுக்கும் ஒரு வரி போடுங்கள். இதன் விலை ஒன்றும் பெரிய தொகையில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். குழவி சுழலுகிற அச்சின் புஷ் (அச்சைச் சுற்றியிருக்கிற உள்வளையம்) வெறும் பிளாஸ்டிக் என்றால் ஆறு மாதத்தில் தேயும். மேலே இறுக்குகிற திருகு உள்ளதை எடுங்கள், குழவியைக் கல்லோடு அழுத்த அது வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து, தேங்காயெண்ணெயும் சீனியும் போட்டு இரண்டு மணித்தியாலம் ஓட்டி அதை வீசுங்கள். என்னுடையதில் முதல் தடவை சாம்பல் நிறமாக வந்தது, அது கல்தூள். இரண்டாம் தடவை வெள்ளையாக வந்தது. பெல்ட் இரண்டு மேலதிகமாக வாங்கி வையுங்கள். நானாவின் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு.