சென்னையில் 7.20 லட்சம், நாகர்கோவிலில் 5.76 லட்சம்: கைக்கு வருவது எவ்வளவு?

நாகர்கோவிலில் சொந்த வீடு உள்ள ஓர் இளம் மென்பொருள் பணியாளருக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர் லெட்டர்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனம் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் சி.டி.சி. (பணியாளருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்கிறது, நாகர்கோவில் நிறுவனமோ 5,76,000 ரூபாய் என்கிறது. தொகைகள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட கட்டமைப்புகள் வழக்கத்தில் இருப்பவையே. வீட்டில் கேட்டால் எல்லோரும் சென்னை என்றுதான் சொல்வார்கள். லெட்டரோடு இணைத்திருக்கும் சம்பளப் பட்டியலைப் பார்த்த பிறகு நான் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன்.

சென்னைப் பட்டியலில் அடிப்படைச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். நிறுவனம் செலுத்தும் 12 சதவீத பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஆண்டுக்கு 43,200, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமாகக் கணக்கிடப்படும் கிராஜுவிட்டி (வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை) 17,316, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000, வேரியபிள் பே (நிலையாக இல்லாமல் கூடிக் குறையும் சம்பளப் பகுதி) 72,000 ஆகிய நான்கும் அந்த 7,20,000-க்குள்ளேயே அடக்கம். இவற்றைக் கழித்தால் மாத மொத்தச் சம்பளம் 47,957 ரூபாய். அதிலிருந்து பணியாளரின் பி.எஃப். பங்கு 3,600-உம், அரையாண்டுக்கு 1,250 ரூபாய் வீதம் பிடிக்கப்படும் தொழில் வரியும் போக, கைக்கு வருவது ஏறத்தாழ 44,150.

நாகர்கோவில் நிறுவனம் பி.எஃப்.-ஐச் சட்டப்படியான 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின் மீது மட்டும், அதாவது மாதம் 1,800 ரூபாயாகச் செலுத்துகிறது. கிராஜுவிட்டியையும் காப்பீட்டையும் சி.டி.சி.-யில் சேர்க்கவில்லை, வேரியபிள் பே இல்லை. மாத மொத்தம் 46,200. பணியாளரின் பி.எஃப். பங்கு 1,800-உம் அதே தொழில் வரியும் போக ஏறத்தாழ 44,190. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், இரண்டு வேலைகளிலுமே வருமான வரி கிடையாது. ஆக, தாளில் 1,44,000 ரூபாய் குறைவான வேலை, மாதக் கடைசியில் நாற்பது ரூபாய் கூடுதலாகத் தருகிறது.

சென்னை நிறுவனம் ஏமாற்றுகிறது என்று இதற்குப் பொருளில்லை. இருதரப்பு பி.எஃப்.-உம் சேர்ந்து அங்கே ஆண்டுக்கு 43,200 ரூபாய் அதிகமாகச் சேருகிறது. செலவாளியான ஒருவருக்கு அந்தக் கட்டாயச் சேமிப்பு நல்லதுதான். சிக்கல் மற்றவற்றில் இருக்கிறது. நிரந்தரப் பணியாளருக்குக் கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்குப் பிறகே கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் வேலை மாறுபவருக்கு அந்த 17,316 வெறும் எழுத்துதான். அத்துடன், நாகர்கோவில் லெட்டரில் அது இடம்பெறாததால் கிடைக்காது என்று எண்ணிவிடக் கூடாது. சட்டம் பொருந்தும் நிறுவனமானால் சி.டி.சி.-யில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் தகுதி பெற்றவருக்குக் கொடுத்தாக வேண்டும். வேரியபிள் பே நிறுவனத்தின் லாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்தது. முந்தைய ஆண்டுகளில் எத்தனை சதவீதம் வழங்கினார்கள் என்று எச்.ஆர்.-இடம் கேட்காமல் அதை முழுத் தொகையாக எண்ணுவது சரியல்ல.

இதற்கு மேல் சென்னையில் வாடகை, முன்பணம், சாப்பாடு, பொங்கலுக்கும் ஓணத்துக்கும் ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் அந்த 44,150-க்குள்தான். சொந்த ஊரிலேயே தங்கி, குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்துக்குத் தினமும் போய்வருபவர்கள் வாடகையை மிச்சப்படுத்துகிறார்கள். பதிலுக்கு நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

இன்றைய வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் நாகர்கோவிலைத் தேர்ந்தெடுப்பேன். சென்னை வேலையில் கற்கக் கிடைக்கும் தொழில்நுட்பம் அடுத்த வேலைக்கு உண்மையாகவே வழிதிறக்கும் என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்படியானாலும் கையெழுத்திடுவதற்கு முன் பிடித்தங்கள் போக மாதம் எவ்வளவு, வேரியபிள் பே எப்போது, ஜாயினிங் போனஸ் இருந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும், நோட்டீஸ் காலம் எவ்வளவு என்ற நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் சொன்னதை ஆறு மாதம் கழித்து யாரிடமும் காட்ட முடியாது.