மத்திய வீதிப் புடவைக்கடையும் அதன் வெட்டுத்துண்டுப் பெட்டியும்

அம்மம்மாவின் தையல் மெஷினுக்குக் கீழே விழும் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியவள், 52 வயதிலும் விடவில்லை. இப்போது அவற்றை ஒட்டுத்தையல் போட்டுச் சுவர்ப்படங்கள் செய்கிறேன்.

திருகோணமலை மத்திய வீதியில் நான் போகும் புடவைக்கடையில், மேசைக்குப் பின்னால் வெட்டுத்துண்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், கட்டாயம் கேளுங்கள். மருதமுனைக் கைத்தறித் துண்டுகள் எனக்கு அதில்தான் கிடைத்தன. ஒன்று, பாவு (நீளவாட்டு நூல்) நீலமும் ஊடை (குறுக்கு நூல்) பச்சையுமாக நெய்தது. நேரே பார்த்தால் பச்சை, சாய்த்துப் பிடித்தால் நீலம் மின்னும். டச்பே கடற்கரைப் படத்தில் மாலைக் கடலுக்கு அதைத்தான் வைத்தேன். வேறு எந்தத் துணியும் அந்த அலையைத் தந்திருக்காது.

ஒரு குறை. பருத்தி என்று தந்த வெள்ளைத் துணியின் நூலை வீட்டில் எரித்துப் பார்த்தேன். பருத்தி என்றால் மெல்லிய சாம்பலாகும், இது உருகிக் கட்டியானது. மறுநாள் கொண்டுபோனேன். கடைப் பிள்ளை முகம் சுளிக்காமல், "சரி அக்கா, வேற பாருங்கோ" என்று மாற்றித் தந்தாள்.

கைத்தறியை வெட்டுவதற்கு முன் தனியாக அலசி விடுங்கள், சுருங்கும். காலையில் கூட்டம் குறைவு, பெட்டியை ஆறுதலாகக் கிளறலாம்.