குரோ பேக்கா, மேட்டுப்பாத்தியா? நாலு நாள் வீட்டைப் பூட்டிப் பார்த்தால் தெரியும்

மண்கலவை நிரப்பிச் செடி வளர்க்கிற பை, அதாவது குரோ பேக், அப்படி முப்பதோடு ஆரம்பித்த தோட்டம் என்னுடையது. இன்று அதில் எட்டுதான் மிச்சம். மீதி எல்லாம் கொல்லையில் தரைமண்ணைக் கூட்டி அணைத்த மேட்டுப்பாத்திக்கு இறங்கிவிட்டது. அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டுகிற இடத்தில், கையளவு தரை இருந்தாலும் பாத்திதான் என் கட்சி. தக்காளிதான் பெரிய விதிவிலக்கு, அது ஏன் என்று பின்னால் வருகிறேன். மொட்டைமாடி மட்டுமே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அவர்களுக்குப் பைதான்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடுவோம். பையில் களை குறைவு, குனிய வேண்டியதில்லை, வெயில் நகர்ந்தால் பையையும் நகர்த்தலாம், மண் எப்படி இருந்தாலும் கவலையில்லை. பாத்திக்கு ஒருமுறை உடம்பு நோக வெட்ட வேண்டும், அப்புறம் களை, அதிலும் கோரை இருந்தால் பிடுங்கப் பிடுங்க வரும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இதில் எதுவும் என் முடிவை மாற்றவில்லை. மாற்றியது தண்ணீர்.

ஒரு கோடையில் நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போக வேண்டியிருந்தது. கிளம்பும் முன் எல்லாவற்றுக்கும் நிரம்ப ஊற்றிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது பைகளில் இருந்த வெண்டையும் கத்தரியும் தலை தொங்கி, ஓரத்து இலைகள் கருகிக் கிடந்தன, பாதிக்கு மேல் மீளவே இல்லை. வேலி ஓரத்தில் மிஞ்சிய நாற்றை வீணாக்க வேண்டாமே என்று தரையில் ஊன்றிவிட்டு மறந்துபோன அதே வெண்டை, ஒன்றுமே நடக்காதது போல முற்றிய காய்களோடு நின்றது. இத்தனைக்கும் பையில் இருந்தவைக்குத்தான் மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓர் அடி அகலம், ஓர் அடி உயரப் பையில் மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 18 லிட்டர் கலவை பிடிக்கும். அதில் செடி உறிஞ்சிக்கொள்ளக்கூடிய தண்ணீர் 4 முதல் 5 லிட்டர். அதில் பாதி காலியானாலே செடி திணற ஆரம்பிக்கும். நன்றாக வளர்ந்த தக்காளியோ கத்தரியோ கடும் வெயில் நாளில் ஒன்றரை, இரண்டு லிட்டர் குடித்துவிடும். ஆக, பைக்கு ஒருநாள் தவணைதான். சுமாரான வண்டல் மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்கு வேர் போனால், ஒரு சதுர மீட்டரில் செடிக்குக் கிடைக்கிற தண்ணீர் 70 லிட்டருக்கு மேல். சூடான நாளில் மண்ணும் செடியும் சேர்ந்து இழப்பது சதுர மீட்டருக்கு 5, 6 லிட்டர். இங்கேயும் பாதிதான் கணக்கு என்று வைத்தாலும் ஆறு நாள் ஓடும். மண் மணற்பாங்காக இருந்தால் அதில் பாதி, மூன்று நாள். அப்போதும் பையைவிட மேல்.

காற்றில்தான் ஈரம் இருக்கிறதே, செடி அவ்வளவு குடிக்காதே என்று நானும் நினைத்திருந்தேன். வறண்ட காற்றில் குடிப்பதைவிடக் குறைவுதான், ஆனால் வெயிலின் உறைப்பு இருக்கிறவரை இலை நீரை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதோடு பையின் பக்கவாட்டும் சேர்ந்து சூடாகிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கருப்புப் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டி நல்ல வேர் ஒன்றும் இருக்காது, நான் பையைக் கிழித்துக் கொட்டும்போதெல்லாம் கிழக்குப் பக்கம் மட்டும் வேர் பின்னிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பை கொஞ்சம் பரவாயில்லை. பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும் என்பார்கள், கொடுக்கும்தான், ஆனால் புழுக்கமான ஊரில் இலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு காற்றோட்டம் இல்லாமல் நின்றால் பூஞ்சை நோய்க்கு நாமே பாய் விரித்த மாதிரி.

மழைக்காலத்திலாவது பைக்கு விடுமுறை உண்டா என்றால், அதுவும் இல்லை. தூறல் மழையில் இலைக்குடை நீரை வெளிப்பக்கமாக வடித்துவிடும், மேல்மண் நனைந்து பார்க்கக் கருப்பாக இருக்கும், விரலை விட்டால் உள்ளே பொடி. நான் இதில் இரண்டு முறை ஏமாந்தேன். பெருமழை அடித்தால் நேர்மாறு, அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடும், அதோடு தழைச்சத்தும் சாம்பல் சத்தும் ஓடும். ஒரு வாரம் விடாமல் பெய்த பிறகு பைச்செடிகளின் அடியிலைகள் மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான். அதைப் பார்த்து மருந்து அடிக்காதீர்கள், உரம் போடுங்கள்.

சொட்டுநீர் போட்டு டைமர் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வைத்தேன். மோசமில்லை. ஆனால் பைக்கு ஒரு சொட்டான் என்றால், உப்பு படிந்தோ பாசி பிடித்தோ அது அடைத்துக்கொள்கிற அன்றைக்கு அந்தச் செடிக்கு வேறு நாதி கிடையாது. பாத்தியில் ஒன்று அடைத்தால் பக்கத்துச் சொட்டானின் ஈரம் மண்ணுக்குள் பரவி வந்து காப்பாற்றுகிறது. எனக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. தானே நீர் ஏறுகிற தொட்டி வைத்த பைகளும் இருக்கின்றன, அவற்றை நான் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அவை என் கணக்கில் சேரவில்லை.

இன்னொரு விஷயம், காயின் அடிப்பக்கம் கருப்பாகக் குழிவிழுகிற நுனி அழுகல். சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று சொல்லி ஆளாளுக்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். மண்ணில் சத்து இருக்கும், அது தண்ணீரோடுதான் காய்க்கு ஏற வேண்டும், ஒருநாள் சொதசொத, மறுநாள் சுக்காய்க் காய்ந்த மண் என்று இருந்தால் ஏறாது. என் பைத் தக்காளிகளில் முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போனது. ஓடு எவ்வளவோ போட்டேன். நின்றது எப்போது என்றால், காலையும் மாலையும் பிரித்து ஊற்ற ஆரம்பித்து, மேலே காய்ந்த சருகு மூடாக்குப் போட்ட பிறகு.

சரி, பாத்திக்கு வருவோம். வெறும் தரையில் நட்டுவிட்டு அதைப் பாத்தி என்று சொல்லக்கூடாது. முதல் மழைக்காலத்தில் நான் அப்படித்தான் செய்தேன், இரண்டு நாள் தண்ணீர் தேங்கியது, வேர் மூச்சுமுட்டி மிளகாய் முழுவதும் போயிற்று. நீர் தேங்குவது பைக்காரர்களுக்கு வராத பிரச்சினை, இதில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு நடைவழி மண்ணை வெட்டி இருபுறமும் ஏற்றி ஓர் அடி உயரத்துக்கு மேடாக்கினேன், அகலம் நாலு அடிக்கு மேல் வேண்டாம், எந்தப் பக்கம் நின்றாலும் நடுவுக்குக் கை எட்ட வேண்டும், ஏறி மிதிக்கவே கூடாது. வெட்டின நடைவழியே வடிகால் ஆகிவிடுகிறது. கோடையில் மூடாக்கு ஒரு சாண் தடிமன், மழையில் அதை இரண்டு விரலாகக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நத்தைகளுக்குக் கல்யாண மண்டபம். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். சூட்டில் மக்கு வேகமாகக் கரைந்துபோகும், ஒவ்வொரு பருவத்துக்கும் தொழு உரமோ மக்கு உரமோ போட்டே ஆக வேண்டும். பையிலும் இதே கதைதான், ஒரு பருவத்துக்குள் கலவை நாலு விரல் இறங்கிவிடுகிறது.

மரப்பலகை அடித்த பெட்டிப்பாத்தி பற்றி ஒரு வரி: பார்க்க அழகு, ஈரத்திலும் கரையானிலும் என் பலகை மூன்றாம் வருடம் தாங்கவில்லை.

பயிரைப் பொறுத்தும் பேசலாம், ஆனால் நீட்டவில்லை. சுரை, புடலை, பாகல், பீர்க்கு மாதிரி பந்தல் கொடிகளுக்குப் பை போதவே போதாது, அந்த இலைப்பரப்புக்குத் தண்ணீர் கொடுத்து மாளாது. வெண்டைக்கு ஆணிவேர், பையில் இடுப்பளவு வருவதற்குள் நின்றுவிடுகிறது, தரையில் என் உயரம் தாண்டும். தட்டைப்பயறும் தரையில்தான் தாராளமாகக் காய்த்தது. கீரை எதில் போட்டாலும் வரும். புதினா பையில் இருப்பதுதான் நல்லது, தரையில் விட்டால் கொல்லையையே எழுதி வாங்கிவிடும்.

இப்போது தக்காளி. பாத்தியில் போட்ட இரண்டாம் வருடம், பூவும் பிஞ்சுமாக இருந்த செடிகள் மத்தியானம் வாடும், ராத்திரி நிமிரும், மூன்று நாலு நாளில் இலை மஞ்சளாகாமலே, பச்சையாகவே மொத்தமாகச் சாய்ந்துவிடும். தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றினேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல். பிறகு ஒருவர் சொல்லி, தண்டை அடியில் வெட்டிக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழை இழையாகப் பால் மாதிரி இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். சூடும் ஈரமும் சேர்ந்த மண் அதற்குச் சொர்க்கம், மண்ணில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் அடுத்தடுத்து மாற்றிப் போட்டும் பயனில்லை. வேரை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கிற வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் இன்னும் மோசம், அது துளைத்த வழியாகவே இந்த பாக்டீரியாவும் நுழையும்.

இந்த ஓர் இடத்தில் பை ஜெயிக்கிறது, அதுவும் தெளிவாக. புதுக் கலவை, செங்கல் மேல் தூக்கி வைத்த பை, தரையில் வெட்டின மண்வெட்டியைக் கழுவாமல் அதில் விடாத ஒழுங்கு, இவ்வளவு இருந்தால் தப்பிக்கலாம். பாத்தியிலேயே வைக்க வேண்டும் என்றால் ஒட்டு நாற்று ஒரு வழி. காய்கறி ஆராய்ச்சி அமைப்பான உலகக் காய்கறி மையம் சூடான மழைக்காலத் தக்காளிக்கு, இந்த நோயைத் தாங்குகிற கத்தரி ரகங்களின் வேரில் ஒட்டுக்கட்டும் முறையைப் பல வருடமாகச் சொல்லி வருகிறது, கத்தரி வேர் தேங்கின தண்ணீரையும் ஓரளவு தாங்கும். சுண்டைக்காய் வேரிலும் கட்டுகிறார்கள். நான் ஒரே ஒரு பருவம், ஆறு நாற்றுதான் வைத்தேன், நாலு தேறியது. போன இரண்டும் என் தப்பு, ஒட்டுப்போட்ட இடத்தையும் சேர்த்து மண்ணால் அணைத்துவிட்டேன், மேல்தண்டு தன் சொந்த வேரை இறக்கி நோயை வாங்கிக்கொண்டது. ஆறு செடியை வைத்து யாருக்கும் புத்தி சொல்ல முடியாது, அதனால் இதை முயற்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும், பூ உதிர்வதற்குப் பையையோ பாத்தியையோ குறை சொல்லாதீர்கள். இரவிலும் சூடு 24 டிகிரிக்குக் கீழே இறங்காத வாரங்களில் தக்காளி மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ கொட்டும். சூடு தாங்கும் ரகத்தைத் தேடுங்கள், இல்லையென்றால் அந்த மாதங்களைக் கத்தரிக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது என்னிடம் இருக்கிற எட்டுப் பையில் ஐந்து தக்காளி, இரண்டு புதினா, ஒன்று நாற்றங்காலுக்கு. ஊருக்குப் போகிற நாட்களில் எட்டையும் மரநிழலுக்கு இழுத்து, இரண்டு விரல் தண்ணீர் விட்ட அகலத் தட்டுகளில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்புகிறேன், மூன்று நாள் தாங்குகிறது, அதற்கு மேல் சோதித்ததில்லை. பருவம் முடிந்து தக்காளிப் பையைக் கொட்டும்போது முதலில் வேரைக் கழுவிப் பார்ப்பேன். முடிச்சு இல்லையென்றால் அந்த மண் வெண்டைப் பாத்திக்குப் போகும், கத்தரி இருக்கிற பக்கம் ஒரு கூடைகூடப் போகாது. முடிச்சு இருந்தாலோ, செடி பச்சையாகச் சாய்ந்து செத்திருந்தாலோ, எந்தப் பாத்திக்கும் கிடையாது, கருப்புப் பாலிதீனில் கட்டி வெயிலில் போட்டுவிடுவேன்.