ஐந்தரைக் கட்டையும் அறுபத்தொரு கட்டையும்

என் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. மண்டபத்தில் ஒரு பையன் கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கெட்டுப்போயிருக்கிறது" என்றான். கெடவில்லை. இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் இயங்கும் கன்ட்ரோலர் அது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பதை மட்டும் மடிக்கணினிக்குச் சொல்லும். புல்லாங்குழலோ நாகசுரமோ, ஒலிப்பது கணினிதான். சென்னைக் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு நான்கு வருடமாக இதை வாசிக்கிறேன். அதற்கு முன் இரண்டு வருடம் வேறொன்று வைத்திருந்தேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை, பழையதைத் திட்டத்தான் போகிறேன்.

பழையதை வாங்கும்போது நான் பார்த்தது விரலால் தட்டி ஒலியெழுப்பும் பதினாறு பேட், எட்டுத் திருகுக் குமிழ், வண்ண விளக்குகள். பார்க்காமல் விட்டது டிரான்ஸ்போஸ், அதாவது எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒருசேர ஏற்றி இறக்கும் வசதி. நம் ஊர் மேடையில் அதுதான் உயிர். பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். மூன்று நாளாகத் தொடர்ந்து பாடித் தொண்டை கம்மிய பாடகி, பாட்டு தொடங்கும் நேரத்தில் திரும்பி, "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்பார். கிதார்காரர் கையை ஒரு கட்டம் (ஃபிரெட்) நகர்த்திக்கொள்வார். பழையதில் நான் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும்; சிறு விளக்கொன்று மினுக்கும். எவ்வளவு இறக்கியிருக்கிறேன் என்று எண்ணில் காட்டாது.

குரோம்பேட்டையில் ஓர் இரவு அதைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன். அடுத்த பாட்டின் முன்னிசை நான் தனியாக வாசிப்பது. எட்டு மாத்திரை கழித்து பேஸ் கிதார் சரியான சுருதியில் நுழைந்தபோது, இருவருக்கும் நடுவில் அரை ஸ்வரம் பிளந்துகொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குப் போயிருந்ததால் தப்பித்தேன். பேஸ்காரர் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

இப்போதையதில் சின்னத் திரை இருக்கிறது. கழித்தல் ஒன்று, கூட்டல் இரண்டு என்று இருட்டிலும் தெரியும். கடையில் இன்னொன்றையும் சோதியுங்கள். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே டிரான்ஸ்போஸை மாற்றிவிட்டுப் பிறகு விடுங்கள். சரியாக வடிவமைக்காத கருவியில் 'நிறுத்து' என்ற செய்தி வேறு ஸ்வரத்துக்குப் போய்விடும். முதல் ஸ்வரம் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும்.

அடுத்தது, ஒலிக்கும் ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம். மிடியில் சாதாரணக் கட்டளைகளுக்கு 128 படிகள். இதற்கோ 16,384. கமகம் வாசிக்கிறவனுக்கு இது பெரிய வரம். ஆனால் சில மலிவுக் கருவிகள் அத்தனை படிகளை அனுப்புவதில்லை. புல்லாங்குழல் ஒலியை வைத்துச் சக்கரத்தை மெதுவாக உருட்டினால், வழுக்கிப் போகிறதா, மாடிப்படி இறங்குகிறதா என்று காதே சொல்லிவிடும். சக்கரம் கட்டைகளுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இடம் மிச்சம் பிடிப்பதற்காக மேலே கொண்டுபோய் வைத்தால் இடது கை அந்தரத்தில் தொங்கும். சக்கரத்துக்குப் பதில் விரலால் தேய்க்கும் தொடுபட்டையையும் முயன்றேன், ஏ.சி. இல்லாத மண்டபத்தில் வியர்த்த விரல் அதில் ஒட்டிக்கொண்டது.

அறுபத்தொரு கட்டை எனக்குப் போதும், அதுவும் அழுத்தும்போது மிதமாக எதிர்க்கும் அரை எடை கொண்டவை. 88 கட்டை, பியானோ போன்ற சுத்தியல் எடை என்பது வாசிக்கச் சுகம்தான். ஆனால் ஆட்டோவின் பின் இருக்கையில் அது நுழையாது; நுழைந்தாலும் நான் நுழைய முடியாது. பேட்களை நான்கு வருடத்தில் இரண்டு முறை தொட்டேன், இரண்டும் கைதட்டல் ஒலிக்காக.

மின்சாரமும் செய்தியும் ஒரே யு.எஸ்.பி. வயரில் போவது வசதி, ஆபத்தும் அதுதான். புகைப்படக்காரர் கால் இடறினால் கச்சேரி நின்றுவிடும். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பிரிண்டர் வயர் என்று கேட்டு இரண்டு வாங்கி, ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். மாட்டிய வயரை ஸ்டாண்டின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறேன். 1983இல் மிடி வந்த காலத்து ஐந்து முனை வட்டத் துளையும் இதில் உண்டு. ஒரு வரவேற்பின் நடுவே மடிக்கணினி தானாகவே அப்டேட்டில் இறங்கியபோது, அந்தத் துளை வழியாக, கணினி இல்லாமலே ஒலி தரும் பழைய சவுண்ட் மாட்யூலில் மாட்டி மீதி இரவை ஒப்பேற்றினேன். கட்டையை விட்ட பிறகும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடல் பற்றி ஒரு வரி: அதை மிதித்துக்கொண்டே கருவிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், பல கருவிகளில் தலைகீழாக வேலை செய்யும்.

குறை இல்லாமல் இல்லை. என் வீடு திருவான்மியூர், கடல் பக்கம். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு ரப்பர் தொடுப்புகள். ஒன்று பட்டு மற்றது படும் இடைவெளியைக் கணக்கிட்டுத்தான் கருவி வேகத்தை அறிகிறது. தூசியும் ஈரமும் சேர்ந்தால் அந்தக் கணக்கு குழம்பி, மெல்லத் தொட்ட ஸ்வரம் முழு வேகமான 127இல் அலறும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட திருகுகளைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கிறேன். போன ஆடியில் சோம்பலில் தள்ளிப்போட்டேன். இப்போது மேல் ஸ்தாயி ஜி, தாலாட்டிலும் அதட்டுகிறது; பாடகி ஐந்து கட்டை என்றாலே எனக்குக் கை நடுங்குகிறது.