மாரிமோ பாசிப் பந்து: பொருள் நல்லது, விற்கிற விதம் சரியில்லை

அமெரிக்காவில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது வாங்கிப் பார்க்கிற சாமான் இந்த மாரிமோ பாசிப் பந்து, அதாவது பந்து மாதிரி உருண்டையாக வளரும் பச்சைப் பாசி. உரம் வேண்டாம், தனி விளக்கு வேண்டாம், தண்ணீர் மாற்றும்போது லேசாகப் பிழிந்து உள்ளங்கையில் உருட்டிவிட்டால் போதும். வருடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் வெட்டிவிடுகிற வேலையும் இல்லை. இறால்கள் நாள் முழுக்க அதன்மேல் உட்கார்ந்து மேயும்.

குறை வேறு இடத்தில். நான் வாங்கிய டப்பாவில் எந்த நாட்டுச் சரக்கு என்று ஒரு வரிகூட இல்லை, கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021 தொடக்கத்தில் சியாட்டிலில் ஒரு செல்லப்பிராணிக் கடை ஊழியர் இதே பந்தில் ஜீப்ரா மட்டி (வரிவரியான ஓடுள்ள சின்னச் சிப்பி) ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தகவல் சொல்ல, அப்புறம் தேடினால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதே கதை. எல்லாம் உக்ரைனிலிருந்து இறக்குமதியான சரக்கு.

ஒரு சின்ன மட்டிக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பவர்களுக்கு: கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பிக்கொள்ளும் தண்ணீரோடு வந்த இது 1988-இல் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்ணில் பட்டது, அடுத்த வருடமே மிச்சிகனில் மன்றோ என்கிற ஊரின் குடிநீர்க் குழாயை அடைத்து ஊரையே தவிக்கவிட்டது. ஒரு பெண் மட்டி வருடத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும். ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை வடிகட்டி, மீன் குஞ்சுகளுக்கான மிதவை உயிரிகளைத் தின்றுவிடும். ஏரி பளிங்கு மாதிரி தெளிந்திருக்கும், உள்ளே சாப்பாடு இருக்காது. உள்ளூர் மட்டிகளின் ஓட்டின்மேலேயே கொத்துக்கொத்தாக ஒட்டி அவற்றைச் சாகடிப்பது இன்னொரு கொடுமை.

வாங்கியதும் பந்தை விரலால் பிரித்துப் பாருங்கள். மட்டியின் ஓட்டில் பழுப்பும் வெளிர் மஞ்சளுமாக வரி இருக்கும், நகத்தளவோ அதைவிடச் சின்னதோ, இழுத்தால் நூல் நூலாகப் பிடித்துக்கொண்டு வரும். தரையில் வைத்தால் தட்டையான அடிப்பக்கத்தில் சாயாமல் நிற்கும். மட்டி இருந்தால் பந்தை ஒரு முழு நாள் உறைய வையுங்கள் அல்லது ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், பிறகு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டித் தண்ணீரையும் பிளீச் கலந்து கொல்லாமல் வெளியேற்றாதீர்கள், மட்டிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. குளத்திலோ ஓடையிலோ கொட்டுவது மட்டும் கூடவே கூடாது.

பந்துக்கு நாலு நட்சத்திரம், வாங்கிய கடைக்கு ஒன்று. எங்கிருந்து வந்தது, தனியாக வைத்துச் சோதித்தார்களா என்று சொல்லத் தெரிந்த ஆளிடம் மட்டும் வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் பரவாயில்லை.