ஒபாசுதே ஸ்டேஷன்: நாலு வருஷம் ஏறி இறங்கின அனுபவம்

ஜப்பான்ல நாகானோ டவுன்ல புதுசா வேலைக்குச் சேர்ந்த ஃப்ரெண்ட் நேத்து ஃபோன்ல கேட்டான், "உங்க ஸ்டேஷன் பக்கம் வீடு பாக்கலாமாடா"ன்னு. சட்டுனு பதில் வரல எனக்கு, அதான் உக்காந்து எழுதறேன்.

ஷினோனோய் லைன்ங்கற மலை ரயில் பாதைல சுவிட்ச்பேக், அதாவது வண்டி முன்னும் பின்னுமா போய் மேடேற்ற அமைப்பு, இருக்கற ஸ்டேஷன்னு ரயில் கிறுக்கு உள்ளவங்களுக்கு இது தெரிஞ்சதுதான். 1900ல திறந்தது, 551 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் போனா 25 மீட்டர் ஏத்தம், அந்தக் காலத்து நீராவி இஞ்சின் அதுல நின்னுட்டா திரும்பக் கிளம்பவே திணறும், அதனால மெயின் லைனை விட்டு ஓரமா சமதளம் பண்ணி ஸ்டேஷனைப் போட்டுட்டாங்க. ஒரு திசைல வர்ற வண்டி ரிவர்ஸ்ல உள்ள வரும், மத்த திசைல வர்றது ரிவர்ஸ்ல வெளிய போகும். டிரைவர் ஜன்னல் வழியா தலைய நீட்டி பின்னாடி பாத்துக்கிட்டே மெதுவா தள்ளிட்டுப் போவாரு, நாலு வருஷமாச்சு, இன்னிக்கும் அந்த ரெண்டு நிமிஷம் நான் ஃபோனைக் கைல எடுக்கறதில்ல.

ஆனா என்னைக் கட்டிப் போட்டது பிளாட்ஃபார்ம் பெஞ்சுதான். எல்லா ஊர்லயும் பெஞ்ச் தண்டவாளத்தைப் பாத்து இருக்கும், இங்க தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பள்ளத்தாக்கைப் பாத்து போட்டிருக்காங்க. உக்காந்தா கீழ மொத்த ஜென்கோஜி சமவெளியும் தெரியும், நடுவுல சிகுமா ஆறு வளைஞ்சு போகும், இருட்டினதும் வீட்டு விளக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணா எரிய ஆரம்பிக்கும். ஜப்பானோட மூணு பெரிய ரயில் ஜன்னல் காட்சில இதையும் ஒண்ணுன்னு சொல்றாங்க, அது சும்மா சொன்ன பேச்சு இல்ல. வண்டி வர்றது கண்ணுக்குத் தெரியாது, முதுகுக்குப் பின்னாடி சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கணும்.

கொஞ்சம் இறங்கினா படிப்படியா வயல். நாத்து நடற சமயத்துல தண்ணி கட்டி நிப்பாட்டியிருப்பாங்க, ஒவ்வொரு பாத்தியிலயும் தனித்தனியா நிலா தெரியும்னு இதுக்கு "தகொதோ நோ த்சுகி"ன்னே பேரு. கவிஞர் பாஷோ 1688ல இந்த நிலாவைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாரு. ஊர்ப் பேருக்கு அர்த்தம் கிழவியை விட்டுட்டு வர்றதுன்னு. அதுக்கு ஒரு பழங்கதை சொல்றாங்க: வயசான அம்மாவை மகன் மலையில விட்டுட்டு வர முதுகுல தூக்கிட்டுப் போறான், அந்த அம்மா வழியெல்லாம் சின்னச் சின்னக் கிளையா ஒடிச்சுப் போட்டுக்கிட்டே போறா, திரும்பும்போது பிள்ளைக்கு வழி தப்பிடக் கூடாதுன்னு. இத மொதல்ல கேட்டப்போ எங்க அம்மாவுக்கு உடனே ஃபோன் பண்ணேன்.

சரி, இப்ப எரிச்சலுக்கு வர்றேன். வண்டி கம்மி. ஒண்ணை விட்டா ஒரு மணி நேரம், சில நேரம் அதுக்கும் மேல. போன ஜனவரில ஒரு நாள் மேடேறி வர்றதுக்குள்ள அரை நிமிஷத்துல விட்டுட்டேன், பனி பெய்யுது, ஸ்டேஷன்ல ஆள் கிடையாது, வாசல்ல ஒரு டீக்கடை கூட இல்ல, மரக்கட்டடத்துக்குள்ள கையைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அப்ப பாத்து நாகோயா போற ஷினானோ எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனுக்குள்ள வராம மெயின் லைன்லயே சர்ருனு ஏறிப் போகுது, உள்ள வெளிச்சத்துல ஆளுங்க சூடா உக்காந்திருக்கறது நல்லாத் தெரியுது. அன்னிக்கு வந்த அழுகை இன்னும் ஞாபகம் இருக்கு. மலை ஸ்டேஷன், ஏறி இறங்கற ஜனம் ரொம்ப கம்மி, அதுக்கு இவ்வளவு வண்டி நிக்கறதே பெருசுன்னு எனக்கும் புரியுது. புரிஞ்சா மட்டும் குளிர் விடுதா? இந்தக் காத்திருப்புக்கு நாலு வருஷத்துல ஒரு நாள் கூட நான் பழகல.

அதனால வராதடா. தினம் ஆபீஸ் போறவனுக்கு, அதுவும் கார் இல்லாதவனுக்கு, இந்த ஸ்டேஷன் சரிப்படாது. நாகானோ டவுன்லயே வீடு பாரு.

நான் மாறப் போறதில்ல, அது வேற. சனிக்கிழமை சாயங்காலம் வா, அந்த பெஞ்சுல உக்காரலாம். கிளம்பறதுக்கு முன்னாடி திரும்பற வண்டி டைமை மட்டும் பாத்து வெச்சுக்கோ.